துண்டு வாங்கப் போய் துண்டு விழலாமா?

பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோம். கடன் கழுத்தை நெரித்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடப்போம். வரவை விடச் செலவு மிஞ்சினால் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்போம். இத்தனை துண்டு இருக்கும் மொழியில், ஒரு விளையாட்டுக்கு எந்தத் துண்டை எடுத்துப் போவது என்று ஒரு கட்டுரை எழுதினால் குற்றமில்லை. விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ஃப். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த விளையாட்டுக்குத் துண்டு கட்டாயம் வேண்டும், ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். கோல்ஃப் மாதிரியேதான். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகக் கையால் வீசுகிற பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதிலாகச் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சில் கூடைக்குள் போடுபவர் ஜெயித்தார். ஃபிரிஸ்பீ விற்ற வாம்-ஓ கம்பெனியில் இருந்த எட் ஹெட்ரிக் என்பவர் 1975-ல் கலிஃபோர்னியாவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அடுத்த வருடம், 1976-ல், இன்று விதிகளை வகுக்கும் பி.டி.ஜி.ஏ என்ற சங்கம் வந்தது. அமெரிக்காவிலும் ஃபின்லாந்திலும் இப்போது சக்கைப்போடு போடுகிறது. மைதானங்களில் பெரும்பாலானவை பொதுப் பூங்காக்களில் இருக்கின்றன. பல இடங்களில் கட்டணமே கிடையாது. சுமார் பத்து டாலருக்கு ஒரு தட்டு வாங்கினால் போதும், ஆட ஆரம்பித்துவிடலாம். மெம்பர்ஷிப், மட்டை, கேடி என்று கோடீஸ்வரர்கள் ஆடும் கோல்ஃபுக்கு இது ஏழைத் தம்பி. அந்த ஏழைத்தனம்தான் இதன் பெருமை என்பது என் எண்ணம். துண்டு விஷயத்தை நான் இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்வதும் அதனால்தான்.

சரி, துண்டு எதற்கு?

தூரம் போகும் தட்டின் குறுக்களவு சுமார் 21 சென்டிமீட்டர். குறுக்களவில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம்தான் உச்சவரம்பு என்பது விதி. கணக்குப் போட்டால் 175 கிராம் பக்கம் வரும். இதன் விளிம்பை நாலு விரலும் ஒரு கட்டைவிரலுமாகப் பிடித்து, உடம்பை முழுசாகத் திருப்பி வீச வேண்டும். உங்கள் கால், இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய வேகமும் சுழற்சியும் அந்தச் சின்னப் பிடி வழியாகத்தான் தட்டுக்குப் போகிறது. அங்கே ஒரு சொட்டு ஈரம் இருந்தால் போச்சு. வலது கைக்காரர் புறங்கையால் வீசும்போது தட்டு முன்னாடியே வழுக்கினால் இடது பக்கம் பாயும். சுழற்சியும் குறைவதால் சீக்கிரமே தொப்பென்று விழும். இடது பக்கம் குளம் இருந்தால் ஒரு தட்டு கணக்கில் கழிந்தது.

மழை நாளில் மட்டும்தானே இந்தப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். காலை ஆட்டத்தில் புல்லெல்லாம் பனித்துளி. ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் தட்டு அதில்தான் போய்ப் படுக்கிறது. மழை பெய்த மறுநாள் சேறு. வெயில் நாளில் கை வியர்வை. ஃபின்லாந்துக்காரர்கள் பனிக்காலத்திலும் விடுவதில்லை, அங்கே விளிம்புக்குள் பனி அப்பிக்கொள்ளும். ஆக வருடம் முழுக்கத் துண்டுக்கு வேலை உண்டு. காமர்ஸ் பாஷையில் சொன்னால், பிரீமியம் கட்டாமல் கிடைக்கும் இன்ஷூரன்ஸ்.

எந்தத் துணி? மூன்று வகையைச் சொல்லலாம்.

முதலாவது, நம் வீட்டில் இருக்கும் டர்க்கி டவல். இரண்டு பக்கமும் நூல் வளையம் வளையமாக நிற்பதால் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், சேற்றையும் வழித்து எடுக்கும். குறை என்னவென்றால் கனம், அப்புறம் காயத் தாமதமாகும். இரண்டாவது, கட்டம் கட்டமாகப் பள்ளம் விழும் வாஃபிள் நெசவு. மெல்லியது, பள்ளத்தில் சேறு போய் உட்காரும், டர்க்கியை விடச் சீக்கிரம் காயும். மூன்றாவது மைக்ரோஃபைபர். பாலியெஸ்டரையும் பாலியமைடையும் முடியை விட மெல்லிசாகப் பிரித்து நெய்தது. எடை குறைவு, சீக்கிரம் காயும். ஆனால் ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரில் போகும். மரமும் குளமும் இருக்கும் பூங்காவில் ஆடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

என் ஓட்டு பழைய பருத்தித் துண்டுக்கு. பழையது என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடையிலிருந்து வந்த புதுத் துண்டில் பளபளப்புக்காகப் பூசிய பூச்சு இருக்கும், இரண்டு மூன்று சலவை போகும் வரை தண்ணீரைச் சரியாக இழுக்காது. நூறு தடவை துவைத்த துண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. வாசனைக்கு ஊற்றுகிற ஃபேப்ரிக் கண்டிஷனரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது இழையில் படிந்து உறிஞ்சும் சக்தியைக் குறைத்துவிடும். நிறம் அடர்ந்ததாக இருந்தால் சேற்றுக்கறை தெரியாது. பெரிய குளியல் துண்டை நாலாக வெட்டி ஓரம் அடித்துக்கொண்டால் ஒரு வருடத்துக்குக் கவலையில்லை.

எடுத்துப் போகும் விதம்தான் துணியை விட முக்கியம். விலை உயர்ந்த துண்டு ஒன்றை வைத்திருப்பவரை விட, கந்தல் இரண்டு வைத்திருப்பவர் மழையில் நன்றாக ஆடுவார். ஒரே துண்டு என்றால் நாலாவது கூடைக்குள் அது சொதசொதவென்று ஆகி, அப்புறம் ஈரத்தை ஈரத்தால் துடைக்கிற கதைதான். அதனால் ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. வெளியே இருப்பதன் மூலையில் ஓட்டை போட்டு நாடா கட்டி, பையின் வளையத்தில் கொக்கியால் மாட்டுங்கள். இது சேற்றுக்கும் முதல் ஈரத்துக்கும். உள்ளே இருப்பது ஜிப் கவருக்குள் பத்திரமாக, கடைசித் துடைப்புக்கும் கைக்கும் மட்டும். மழை பெய்தால் குடைக்கம்பியில் உட்பக்கமாகத் தொங்கவிடலாம். பக்கத்தில் இருப்பவர் அவசரத்துக்குக் கேட்டால் வெளித்துண்டைக் கொடுங்கள், உள்துண்டைக் கொடுக்காதீர்கள். அது நட்புக்கு அப்பாற்பட்டது :-)

கையோடு இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் முறை வந்து, இடத்துக்கும் வந்து, எதிரே வழியும் காலியாக இருந்தால், 30 விநாடிக்குள் வீச வேண்டும். முதல் தடவை எச்சரிக்கை, அப்புறம் தண்டனை வீச்சு. பையின் அடியில் துண்டைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அதே விதிப் புத்தகம் துண்டுக்கு ஒரு சலுகையும் தருகிறது. அமுக்கினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத துண்டை, வீசும் இடத்தில் தரையில் விரித்துக்கொள்ளலாம். புதருக்குக் கீழே சேற்றில் முட்டி போட்டு வீசும்போதுதான் இதன் அருமை தெரியும்.

இப்போது காசு விஷயம். கம்பெனி லோகோ, ஓட்டையில் பித்தளை வளையம், கொக்கி எல்லாம் சேர்த்து "டிஸ்க் கோல்ஃப் டவல்" என்று விற்கிறார்கள். ஒரு தட்டின் விலையே சில துண்டுக்கு ஆகிவிடுகிறது. எங்கள் பாடத்தில் மூழ்கிய செலவு, வாய்ப்புச் செலவு என்று இரண்டு வரும். வீட்டில் இருக்கும் பழைய துண்டின் விலை எப்போதோ மூழ்கிவிட்டது, இன்று அதற்கு விலை பூஜ்யம். புதுசின் வாய்ப்புச் செலவோ இன்னொரு தட்டு. புதிதாக ஆட வரும் பையனுக்கோ பெண்ணுக்கோ எது உதவும்? உள்ளூர் கிளப்புகள் நிதி திரட்டத் துண்டு விற்பதுண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. அது நன்கொடை, துண்டு அதற்கு ரசீது. ஆனால் "இதெல்லாம் இருந்தால்தான் ஆட முடியும்" என்கிற எண்ணம் புதியவர் மனதில் விழுந்தால் ஏழைத் தம்பியும் அண்ணன் வழியில் போய்விடுவான்.

அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் 1999 முதல் தென் கரோலினாவின் ராக் ஹில்லில், வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்து வருகிறது. அது ஒரு காலத்தில் பருத்தி மில் ஊர். அங்கிருந்து சார்லட் நகரத்தைத் தாண்டி வடக்கே போனால் வட கரோலினாவின் கன்னாபொலிஸ். கேனன் மில்ஸ் துண்டு உலகப் பிரசித்தி பெற்றிருந்தது அங்கேதான். அந்த மில்லைக் கடைசியாக வைத்திருந்த பில்லோடெக்ஸ் கம்பெனி 2003 ஜூலை 30 அன்று மூடியபோது, அந்த மாநிலத்தில் மட்டும் நாலாயிரத்துக்கும் அதிகமானவர்கள் வேலை இழந்தார்கள். இன்று அங்கே கடையில் தொங்கும் துண்டு இந்தியாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுத் துணிகளை அமெரிக்காவுக்கு அனுப்பும் நம் கரூர்க்காரர்களும், 2025 ஆகஸ்டில் அங்கே இந்தியச் சரக்கு மீதான வரி 50 சதவீதமாக ஏறியபோது தவித்துப் போனார்கள். துண்டு நெய்கிறவர்கள் பிழைப்பு எந்த ஊரிலும் இவ்வளவுதான். லோகோவுக்காக நாம் கூடுதலாகக் கொடுக்கும் டாலர் தறிக்காரர் கைக்குப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியென்றால் யாரும் புதுத் துண்டே வாங்காவிட்டால் கரூர் எப்படிப் பிழைக்கும் என்று மடக்காதீர்கள். தாராளமாக வாங்குங்கள், நல்ல துண்டாகவே வாங்குங்கள். அதைக் குளியலறையில் மாட்டிவிட்டு, அங்கே இருக்கும் பழசை மைதானத்துக்கு எடுத்துப் போங்கள். மிச்சமாகும் காசில் குளத்தில் போன தட்டுக்குப் பதில் இன்னொரு தட்டு வாங்கலாம்.

டிஸ்கி: பழசு என்று நீங்களாக முடிவு செய்து வெட்டிவிடாதீர்கள். வீட்டில் கேட்டுவிட்டு வெட்டுங்கள். துண்டு விஷயத்தில் எது பழசு என்பது அம்மாவின் அதிகாரத்துக்கு உட்பட்டது.