ஒளிரும் துணியில் யார் பெயர்?

டோங்கா தீவுகளில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து மரப்பட்டையைத் துணியாக்குகிறார்கள். காகித மல்பெரி மரத்தின் உள்பட்டையை உரித்து, ஊறவைத்து, மரச்சம்மட்டியால் மணிக்கணக்கில் அடிக்கிறார்கள். கையகலப் பட்டை பல மடங்கு விரிகிறது. அந்தத் தாள்களைக் கிழங்குப் பசையால் இரண்டடுக்காக ஒட்டி, அடியில் வைத்த அச்சின் வடிவம் மேலே எழும்படி கோகா மரப்பட்டைச் சாயத்தைத் தேய்க்கிறார்கள். இதன் பெயர் ஙாட்டு. திருமணத்திலும் சாவிலும் இதுவே பெரிய சீர். சமோவாவில் சியாப்போ, ஹவாயில் கப்பா. பொதுவாகத் தாப்பா என்பார்கள்.

இன்னொரு பக்கம், உயிருள்ள ஒளி. பைரோசிஸ்டிஸ் என்ற ஒற்றைச்செல் கடலுயிரி பகலில் வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. இரவில் நீர் அசைந்தால் நீலமாக ஒளிர்கிறது. நெதர்லாந்து வடிவமைப்பாளர் தெரேசா வான் டோங்கன் ஒளிரும் பாக்டீரியாக்களைக் கண்ணாடிக் குழாயில் வைத்து ஒரு விளக்கே செய்தார். ஆடும்போது ஒளிரும் தாப்பாவை யாராவது கற்பனை செய்தால் அதில் வியப்பில்லை. அழகான கற்பனைதான். செய்யட்டும். ஆனால் அது யார் பெயரில் வரும்?

இந்த உயிரிக்குக் கடல்நீர் வேண்டும். தாப்பாவோ நனைந்தால் வலுவிழக்கும். பட்டை எங்கே கிழியும், எந்தப் பசை தாங்கும், எத்தனை அடுக்கு வேண்டும் என்பதெல்லாம் அடித்துப் பழகிய அந்தப் பெண்களுக்குத் தெரியும். அவர்கள் இல்லாமல் ஆய்வகம் ஓர் அடிகூட நகராது. ஆனாலும் ஆய்வகத்தில் நடப்பது 'கண்டுபிடிப்பு', பாயில் உட்கார்ந்து செய்வது 'கைவினை' என்றுதான் எழுதுவார்கள். முன்னதற்குக் காப்புரிமை, பின்னதற்குப் பாராட்டு. தோல் பதனிடும் வேதியியலைக் குலத்தொழில் என்று சுருக்கிய நாட்டில் வாழும் நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.

இது வெறும் அச்சமும் அல்ல. சமோவா ஆண்கள் உடலில் குத்திக்கொள்ளும் பெஆ பச்சையின் வடிவத்தை நைக்கி நிறுவனம் 2013இல் பெண்களின் விளையாட்டு உடையில் அச்சிட்டது. பசிபிக் மக்கள் எதிர்த்த பிறகே மன்னிப்புக் கேட்டு விற்பனையை நிறுத்தியது.

சட்டம் வரவே இல்லையா? வந்தது. மாவோரி மக்களின் 'கா மாத்தே' ஹாக்காவை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் அதை இயற்றிய தே ரவுபராஹாவின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று 2014இல் நியூசிலாந்து சட்டம் இயற்றியது. ஆனால் அது பெயரைத் தந்ததே தவிர, பங்கைத் தரவில்லை. மறுக்கும் உரிமையையும் தரவில்லை. மரபணு வளங்களையும் அவை சார்ந்த மரபறிவையும் கொண்டு காப்புரிமை கேட்போர் மூலத்தைச் சொல்ல வேண்டும் என்று 2024இல் ஓர் உலக ஒப்பந்தம் உருவானது. அதுவும் காப்புரிமையோடு நின்றுவிடுகிறது. துணியில் எழும் வடிவங்களைக் காக்காது.

மரபைப் பேழைக்குள் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. டோங்காப் பெண்கள் விரும்பினால் ஙாட்டுவில் கடலின் ஒளியை ஏற்றட்டும். அப்போது அவர்கள் பெயர் 'உந்துதல்' என்ற இடத்தில் அல்ல, 'வடிவமைப்பாளர்' என்ற இடத்தில் இருக்க வேண்டும். வருவாயில் பங்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், 'வேண்டாம்' என்று அவர்கள் சொன்னால் அந்தச் சொல் செல்ல வேண்டும்.

பட்டையை அடித்த கை இருட்டிலேயே இருக்குமானால், துணி ஒளிர்ந்து யாருக்கு என்ன பயன்?