சுற்றுலா போன இடத்தில் பேதியா? தண்ணீரை நிறுத்தாதீர்கள்!

கோடை விடுமுறை விட்டால் போதும். குடும்பம் குடும்பமாக ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். ராமேசுவரம், கன்னியாகுமரி, சீசன் வந்தால் குற்றாலம்.

பையில் என்ன இருக்கிறது? முறுக்கு இருக்கிறது. ஒரு தூக்கு நிறையப் புளியோதரை இருக்கிறது. சீப்பு, கண்ணாடி, பவுடர் எல்லாம் இருக்கின்றன. மருந்துக் கடையில் விற்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் மட்டும் இருப்பதில்லை. டாக்டர்கள் அதை "ஓ.ஆர்.எஸ்." என்கிறார்கள்.

இரண்டாம் நாள் குழந்தைக்கு வயிறு கலங்குகிறது. ஐந்தாறு தடவை போய்விடுகிறது.

"ஊர்த் தண்ணி ஒத்துக்கலை" என்கிறார் பாட்டி.

"தண்ணி கொடுக்காதே. கொடுத்தா மறுபடியும் போகும்" என்கிறார் மாமா.

"மத்தியானம் பஸ் ஏறணுமே" என்று அப்பா கவலைப்படுகிறார்.

குழந்தையின் உதடு காய்கிறது. தண்ணீர் கேட்டு அழுகிறது. யாரும் கொடுப்பதில்லை.

இது தவறு. உயிருக்கே உலை வைக்கும் தவறு!

ஆளைக் கொல்வது எது?

பேதியின்போது உடம்பில் இருக்கிற தண்ணீரும் உப்பும் வெளியே போய்விடுகின்றன. பெரும்பாலும் ஆளைக் கொல்வது இந்த வறட்சிதான். சின்னக் குழந்தை என்றால் சில மணி நேரத்திலேயே துவண்டுவிடும்.

தண்ணீர் கொடுக்காவிட்டாலும் பேதி போகத்தான் செய்யும். குடம் ஒழுகுகிறது என்று ஊற்றுவதை நிறுத்தினால் ஓட்டை அடைபடுமா? குடம்தான் காலியாகும்.

ஊர்த் தண்ணீர் மேல் பழி போடுவதும் முழுக்கச் சரியல்ல. தண்ணீர் புதிது என்பது குற்றமல்ல. அதில் கிருமி இருந்தால்தான் குற்றம். ஈ மொய்த்த பழத் துண்டில் கிருமி இருக்கலாம். காலையில் அரைத்துச் சாயங்காலம் வரை வைத்த சட்னியில் இருக்கலாம். கழுவாத கையிலும் இருக்கலாம். (புளியோதரை கட்டிக் கொடுத்த பாட்டிமார்கள் புத்திசாலிகள். புளிப்பில் கிருமி எளிதில் வளராது.)

அகதி முகாமில் நடந்தது

1971-ம் ஆண்டு. வங்காள தேச விடுதலைப் போர் நடந்த சமயம். சுமார் 1 கோடி பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்காள எல்லையில் உள்ள பங்கான் என்ற ஊரில் ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் மருந்துத் தண்ணீர் தீர்ந்துகொண்டே வந்தது.

அங்கே இருந்த டாக்டர் திலீப் மகலநாபிஸ் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கரைத்து, பீப்பாய்களில் வைத்தார். நோயாளியின் தாயும் தம்பியும் அதைக் குவளையில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள்.

என்ன நடந்தது? அதற்கு முன் 100 பேரில் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். கரைசல் கொடுத்த பிறகு அது 4 பேருக்கும் குறைவாயிற்று!

மகலநாபிஸ் 2022-ல் இறந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தார்கள். உயிரோடு இருந்தபோதே கொடுத்திருக்கலாம்.

வெறும் தண்ணீர் போதாதா? போதாது. சர்க்கரை குடலுக்குள் நுழையும்போது உப்பையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது. உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. பேதி போகும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை.

எப்படிக் கொடுப்பது?

பொட்டலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும். சிலவற்றுக்கு 1 லிட்டர். சிறியவற்றுக்கு 200 மில்லி. அதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். பொட்டலம் இல்லையா? காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் 6 சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் போட்டுக் கரைக்கலாம். சிறு கரண்டி என்றால் டீக்கரண்டி. தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் கெடுதல்.

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் அரை டம்ளர் வரை கொடுக்கலாம். பெரிய குழந்தைக்கு ஒரு டம்ளர். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பட்டினியும் போடக் கூடாது. உப்புப் போட்ட கஞ்சி நல்லது.

கலர், சோடா வேண்டாம். சர்க்கரை அதிகமானால் பேதியும் அதிகமாகும். அட்டைப் பெட்டிப் பானங்கள் சில "ஓ.ஆர்.எஸ்." என்ற பெயரைப் போட்டுக்கொண்டு விற்பனையாயின. இனி அப்படிப் பெயர் போடக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. இத்தனை காலம் விட்டுவைத்ததே அதிகம்!

பேதியைச் சட்டென்று நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குத் தாமாகவே வாங்கிக் கொடுக்கக் கூடாது.

மலத்தில் ரத்தம் வந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான். லாட்ஜ் வாடகையையும் பஸ் டிக்கெட்டையும் பார்க்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யலாம். போகிற வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

பஸ் டிரைவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேதியான குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் நிறுத்துங்கள். வழியில் இறங்க முடியாதே என்ற பயத்தினால்தான் பல தாய்மார்கள் குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்துகிறார்கள்.