வெளியே நிற்கும் ராஜராஜன்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனவர்கள், வெளியே பூங்காவில் நிற்கும் ராஜராஜ சோழன் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1972-ல் திறக்கப்பட்டது. கோயிலுக்குள்ளேயே வைக்கத்தான் கருணாநிதி அரசு விரும்பியது. மத்திய அரசு சம்மதிக்கவில்லை. 'கட்டியவனுக்கே உள்ளே இடமில்லையா?' என்ற ஆதங்கம் பலருக்கு.

உள்ளே அவன் இல்லாமலா இருக்கிறான்? 1010-ல் முடிந்த கோயிலின் கல்வெட்டுகளைக் கவனியுங்கள். தான் கொடுத்ததோடு, அக்கா குந்தவையும் அரசிகளும் மற்றவர்களும் கொடுத்ததையும் வெட்டச் சொன்னான். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களும், தலைக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் இருக்கின்றன.

நாம் ஒருவனுக்குச் சிலை வைத்தோம். அவனோ உழைத்தவர்களையும் கல்லில் ஏற்றினான். அடுத்தமுறை சிலை முன்னால் செல்ஃபி எடுத்த கையோடு, விமானத்தின் அடித்தளத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.