பெற்றோரின் இசைத்தட்டும் பிள்ளைகளின் ஹிப்ஹாப்பும்

நம் இளையோர் ஹிப்ஹாப் கேட்பது குறித்துப் பெற்றோர் கூறும் குறைகள் புதியவை அல்ல. இது நம்முடைய இசை அன்று, பிள்ளைகளை நம்மிடமிருந்து பிரித்துவிடும் என்பதே அவற்றின் சாரம். அவ்வாறு எண்ணும் பெற்றோர், தம் பிள்ளைகளோடு அமர்ந்து ‘வைல்ட் ஸ்டைல்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை ஒருமுறை காண வேண்டுகிறோம்.

சார்லி அஹெர்ன் இயக்கி 1983இல் வெளியான படம் இது. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நடிப்பும் பல இடங்களில் தடுமாறுகிறது. ஆயினும் நியூயார்க்கின் தொடக்ககால ஹிப்ஹாப் கலைஞர்கள் பலர் தாமே இதில் தோன்றுவதால் இதை ஓர் ஆவணமாகவே கொள்ளலாம். நாயகனாக வரும் சுவரோவியர் லீ கின்யோனெஸ் புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். நாயகி லேடி பிங்க் ஈக்வடாரில் பிறந்தவர். சமையலறையில் இசைத்தட்டுகளைச் சுழற்றி வித்தை காட்டும் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் பார்படோஸில் பிறந்தவர். எல்லோரும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள்!

படத்தில் வராத ஒரு செய்தியும் உண்டு. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியின் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். அவருடைய தங்கை சிண்டி, பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் திரட்டுவதற்காக ஏற்பாடு செய்த கொண்டாட்டம் அது. ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக இன்று போற்றப்படுவது அந்த மாலையே. ஹெர்க் இசைத்தவை ஜேம்ஸ் பிரவுன் போன்ற மூத்தோரின் தட்டுகள். ஒலிபெருக்கிக் கருவியோ தந்தையுடையது. பெற்றோரைத் துறந்து பிறந்த இசை இது என்று எப்படிக் கூறுவது?

மலேசியத் தமிழரான யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பிலும் இதையே காண்கிறோம். அதில் புகழ்பெற்ற ‘மடை திறந்து’, 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்திற்கு இளையராஜா அமைத்த மெட்டின் மீது எழுந்தது. அப்பன் கேட்ட பாட்டில் மகன் வீடு கட்டினான்.

யாங்கோனில் பெற்றோர் அஞ்சுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை நாம் எளிதாகக் கருதவில்லை. 2000ஆம் ஆண்டு ‘ஆசிட்’ குழு வெளியிட்டதே பர்மாவின் முதல் ஹிப்ஹாப் தொகுப்பு என்பர். அக்குழுவைச் சேர்ந்த பியோ ஜெயா தோ 2008இல் சிறைப்பட்டார். 2011இல் விடுதலையாகி, 2012இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2022 ஜூலையில் இராணுவ ஆட்சி அவருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது. பிள்ளையின் குறிப்பேட்டைக் கண்டு ஒரு தாய் கலங்கினால் அதில் வியப்பில்லை. ஆனால் நாம் இங்கே வேண்டுவது, தாத்தாவின் கதையையும் தெருவின் வேடிக்கையையும் பிள்ளைகள் தமிழில் எழுதுவதைத்தான்.

ஏனெனில் இழப்பு நம் வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்துவருகிறது. 1964இல் கடைகள் நாட்டுடைமையானபோது இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர்; தங்கியோரின் பிள்ளைகள் பர்மிய மொழியிலேயே பயின்றனர். தின்கன்ஜூனில் நாம் அறிந்த குடும்பங்களில் தமிழ் பேசப்படுகிறது, எழுதப்படுவது அரிது. கோவில் வகுப்பில் சிறுவரோடு அமர்ந்து ‘அ, ஆ’ எழுதப் பதினைந்து வயதுப் பையன் வெட்கப்படுகிறான். அவனே ஒரு ராப் பாட்டு எழுத முனைந்தால் எதுகையும் மோனையும் தேவைப்படும். குறிலும் நெடிலும் பிழைத்தால் தாளம் தவறும். அதை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, அவன் காதே சொல்லிவிடும்.

எனவே பெற்றோரே, பரணில் கிடக்கும் டி.எம்.எஸ்., சுசீலா ஒலிநாடாக்களை எறிந்துவிடாதீர்கள். அவற்றைக் கணினிக்கு மாற்றுவது கடினமன்று. ஒலிநாடாக் கருவியின் ஒலி வெளியேறும் துளையையும் கணினியின் ஒலி உள்வாங்கும் துளையையும் ஒரு கம்பியால் இணைத்து, ‘ஆடாசிட்டி’ என்னும் இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். மின்சாரம் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள்! பாடலின் பெயரை நீங்கள் சொல்லுங்கள். கோப்பின் பெயரைப் பிள்ளை தமிழில் தட்டச்சு செய்யட்டும்.