பயணப் பை: சாற்றில் மறைந்திருந்த மீன்



ஹைதராபாத்துக்கும் ஜப்பானுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. நிஜாம் அரசின் கல்வித்துறைத் தலைவராக இருந்த ராஸ் மசூத் 1922-ஆம் ஆண்டிலேயே அந்நாடு சென்று, அதன் கல்விமுறையை ஆராய்ந்து நூல் எழுதினார். 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய ஹைதராபாத் ஐ.ஐ.டி., ஜப்பானிய அரசின் உதவியுடன் கந்தியில் தன் வளாகத்தை எழுப்பியது. இப்போது நம் சங்கத்து இல்லங்களிலிருந்தும் பிள்ளைகள் தோக்கியோவுக்குச் செல்கிறார்கள். என் மகன் அங்கே இருப்பதை அறிந்த தாய்மார்கள், சங்கக் கூட்டங்களில் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “அங்கே நம் பிள்ளை என்ன சாப்பிடுவான்?”

சென்ற ஆண்டு ஆறு வாரம் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கு எனக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால், அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

பிறந்தது முதல் புலால் உண்ணாதவன் நான். ஒருநாள் அசகுசா கோயிலைக் கண்டு திரும்பும் வழியில், குளிருக்கு அஞ்சி ஒரு சிறு கடையில் நுழைந்தோம். கோதுமை மாவில் செய்த தடித்த நூல்களைக் கொதிக்கும் சாற்றில் இட்டு, மேலே வெங்காயத் தாள் தூவித் தரும் ‘ஊதோன்’ அங்கே கிடைத்தது. மருமகள் தனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் விசாரித்துவிட்டு, “மீன் இல்லையாம் மாமா, தைரியமாகச் சாப்பிடுங்கள்” என்றாள். அந்தச் சாற்றின் சுவையை என்னென்பது! கிண்ணத்தைக் கையில் ஏந்தி, கடைசிச் சொட்டு வரை பருகினேன்.

அன்று மாலை அடுத்த வீட்டு மூதாட்டியார் எங்களைக் காண வந்தார். நான் உண்டதை மருமகள் பெருமையுடன் சொன்னதும், அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு மெல்ல விளக்கினார். அச்சாற்றுக்கு ‘தாஷி’ என்று பெயர். சூரை இன மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை போல் காயவைத்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, வெந்நீரில் இட்டு வடிப்பார்களாம். இலங்கையில் சம்பலுக்கு இடிக்கும் மாசியை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அவர்கள் ‘கட்சுவோபுஷி’ என்பது மாசியின் உறவினமே.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மருமகளோ கண் கலங்கி நின்றாள். கடைக்காரர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று மகன் சினந்தான். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. விடியும் வேளையில் வேறொரு நினைவு வந்தது. கோதுமை ஒவ்வாத விருந்தாளி ஒருவர் நம் வீட்டுக்கு வந்து, “சாம்பாரில் கோதுமை உண்டா?” என்று கேட்டால், இல்லை என்றுதானே சொல்வோம்? கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது அப்போது யாருக்கு நினைவு வரும்? நாள்தோறும் கைபழகிய பொருள் கண்ணுக்குப் படுவதில்லை. கிண்ணத்தில் மீன் துண்டு இல்லை. கடைக்காரர் சொன்னது அவர் அறிந்த உண்மை. குறை நாங்கள் கேட்ட கேள்வியில் இருந்தது.

மறுநாள் காலை அம்மூதாட்டியார் ஒரு பொட்டலத்துடன் வந்தார். அதில் ‘கொம்பு’ என்னும் உலர்ந்த கடற்பாசியும், காய்ந்த காளான்களும் இருந்தன. இரவில் அவற்றைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மறுநாள் அந்நீரைச் சூடாக்கினால் மீனில்லாத தாஷி ஆயத்தம். புத்தத் துறவிகளின் ‘ஷோஜின்’ சமையலில் இதுவே சாறு. அச்சமையலில் புலால் மட்டுமன்றி, வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. நம் விரதச் சமையலை ஒத்தது. மீனில்லாததால் சுவை குன்றும் என்று எண்ண வேண்டாம். தோக்கியோப் பேராசிரியர் கிக்குனே இக்கேடா 1908-ஆம் ஆண்டில் ‘உமாமி’ என்னும் சுவையின் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தது இந்தக் கடற்பாசியிலிருந்துதான். அடுத்த ஆண்டில் கடைக்கு வந்த அதன் உப்பே நாம் அறிந்த அஜினோமோட்டோ.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தோக்கியோவில் தெருவுக்குத் தெரு ‘கரே’ என்ற பலகையைக் காணலாம். நம் ‘கறி’ என்னும் சொல்தான் ஆங்கிலேயர் வழியே அங்கே குடியேறிற்று. வங்காளத்து விடுதலை வீரர் ராஷ் பிஹாரி போஸ், தமக்குப் புகலிடம் தந்த நகமுராயா கடையில் 1927-இல் இந்தியக் கறியை அறிமுகம் செய்தார், திருவனந்தபுரத்து ஏ. எம். நாயர் 1949-இல் கின்ஸாவில் உணவகம் திறந்தார். ஆயினும், பிற கடைகளின் கெட்டிக் குழம்பில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருத்தல் மிகச் சாதாரணம். பெயர் நம்முடையது என்று நம்பிக் கை வைக்கலாகாது.

பானங்களில் இத்தகைய தொல்லை குறைவு. பாலும் சர்க்கரையும் சேராத பச்சைத் தேநீர், நம் ஆபித்ஸ் ஈரானி தேநீருக்குப் பழகிய நாவுக்கு முதலில் துவர்க்கும். மூன்றாம் நாள் இனிக்கும். வறுத்த வாற்கோதுமையில் செய்த ‘முகிச்சா’ கோடைக்கு ஏற்றது. மது விலக்கியவர்கள் ‘மிரின்’ என்னும் இனிப்பு அரிசி மது பல குழம்புகளில் சேர்வதை அறிந்திருத்தல் நலம்.

மீன் இருக்கிறதா என்று கேட்பது போதாது. “சகானா நோ தாஷி மோ தாபேராரேமாசென்” என்று சொல்ல வேண்டும். மீன் சாறுகூட உண்ண இயலாது என்பது பொருள். இதைச் சொன்ன பின், கடைக்காரர்கள் சமையலறைக்குள் சென்று விசாரித்து வந்து, இயலாவிடில் தலை தாழ்த்தி மறுத்ததையே கண்டேன். அப்படிப்பட்ட மறுப்பும் ஓர் உபசாரமே.

ஊர் திரும்பும் முன் மூதாட்டியாரை உணவுக்கு அழைத்தோம். குழைந்த ஜப்பானியச் சோற்றில் அவ்வூர்த் தயிரைப் பிசைந்து, கடுகு தாளித்து, ‘உமெபோஷி’ என்னும் அவர்களுடைய உப்பிட்ட பழத்தைத் தொட்டுக்கொள்ள வைத்தாள் மருமகள். அது நம் ஆவக்காய்க்கு ஈடு இல்லைதான்; ஆனால் தயிர்ச்சோற்றுக்கு வெகு பொருத்தம். மூதாட்டியார் ஒரு வாய் உண்ணுமுன் புன்முறுவலுடன் கேட்டார்: “இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது?” மருமகள் பெருங்காயம் உட்பட ஒன்று விடாமல் சொன்னாள்.

பிள்ளைகளை வழியனுப்பும் தாய்மார்களே! ஊறுகாய்ப் புட்டியுடன் அந்த ஒரு வாக்கியத்தையும் தாளில் எழுதிப் பையில் வையுங்கள்.