தகர உடுப்பு வேண்டா

இயந்திர மனிதர் நாடகம் என்றவுடன் நம்மவர் தகரத்தையும் வெள்ளித்தாளையும் தேடத் தொடங்குகின்றனர். எலப்புள்ளி போன்ற எல்லையூர்களின் தமிழ் மேடைக்குக் காரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் ஏற்றது என்றாலோ, “அயல்நாட்டு விந்தை நமக்கெதற்கு? சோழர் வரலாறு போதாதா?” என்று வினவுவாரும் உளர். இரு சாராரும் அந்நாடகத்தைப் படித்தாரல்லர் என்பதே நம் துணிபு.

‘ரோபோ’ என்னும் சொல்லை உலகிற்கு அளித்ததே அந்நாடகந்தான். சாப்பெக்கின் தமையன் யோசெப் எடுத்துக்கொடுத்த சொல் அது. ‘ரொபோட்டா’ என்றால், செக் நாட்டுக் குடியானவன் நிலக்கிழானுக்குக் கூலியின்றிச் செய்த கட்டாய வேலை. சோழர் வரலாறு கேட்போர் சோழர் கல்வெட்டுகளிலேயே அதனைக் காணலாம். ஆங்கு அதன் பெயர் ‘வெட்டி’. திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்றனர்.

சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பாலானவையும் அல்ல. உயிர்ப்பொருள் போன்றதொரு கலவையைப் பிசைந்து ஆக்கப்பட்ட ஊனுடம்பினர். ஆசிரியர் அவர்களுக்கு விதித்த உடை துணிச்சட்டை, இடையில் வார், மார்பில் பித்தளை எண். அவ்வளவே. தலைக்கு இவ்வளவு எனத் தரகு பெற்ற கங்காணிகளால் தேவிகுளம், பீருமேடு மலைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட தமிழரின் வழிவந்தோர்க்கு அந்தப் பித்தளை எண்ணை விளக்கவும் வேண்டுமோ?

நாடகத்தில் ஹெலினா என்றொரு நங்கை வருகிறாள். ரோபோக்களின் உரிமைக்கு வாதாட மனிதநேயக் கழகத்தின் சார்பில் வந்தவள், ஆலையின் தலைமை நிருவாகியையே மணந்துகொண்டு தங்கிவிடுகிறாள்! 2015 செப்டம்பரில் மூணாற்றில் 20 விழுக்காடு போனசு கேட்டுத் தெருவில் அமர்ந்த தேயிலைத் தோட்டப் பெண்கள், ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களை அருகே வரவிடவில்லை. தலைவர்கள் நிருவாகத்துடன் உறவாடுகின்றனர் என்பதே அவர்களது குற்றச்சாட்டு. ஹெலினாவை அப்பெண்கள் நன்கறிவர்; நம் நாடகக் குழுவினர்தாம் அறியார்.

இத்தகைய நாடகம் பெருநகர அரங்குகளுக்கே இயலும் என்பது மற்றொரு சாக்கு. பிராகு நகரின் தேசிய அரங்கில் ‘ஆர்.யு.ஆர்.’ அரங்கேறியது 1921 சனவரி 25ஆம் நாள். அதற்கு முன்பே, சனவரி 2ஆம் நாளில், ஹ்ராடெட்ஸ் க்ராலொவே என்னும் ஊரின் தொழில்முறை சாராக் குழுவினர் அதனை நடித்துவிட்டனர். தேசிய அரங்கு பிந்தியே வந்தது.

வரும் ஆண்டுவிழாவிற்கு இதனையே எடுத்துக்கொள்க. தகரத்திற்கு ஒதுக்கிய பணத்தில் பருத்திச் சட்டை தைக்கலாம். பித்தளை வில்லைகள் பாலக்காட்டுக் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.