மின்கோபுரம் நாட்டுமுன் வேடரைக் கேளுங்கள்!

மின்சாரம் வேண்டாமென்று எவரும் கூறவில்லை. வீட்டுக்கும் வேண்டும், வயலுக்கும் வேண்டும். அது எவருடைய தெய்வத்தின் தலைமீது வருகிறது என்பதே எமது கேள்வி.

மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, வாகரைக் கரையோரத்தில் வாழும் வேடர் தமிழ் பேசுவோர். எம்மோடு ஒன்றி வாழ்வோர். அவர்கள் மரநிழலில் இலைதழைகளால் பந்தலிட்டுத் தம் முன்னோரையும் தெய்வங்களையும் அழைத்துச் சடங்கு செய்வர். சடங்கு முடிந்தபின் அங்கே எஞ்சுவது மரமும் மண்ணுமே. நில அளவையாளர் கண்ணுக்கோ அது வெறுங்காடு! வயற்காரன் உறுதியைக் காட்டி வழக்காடுவான். வேடர் எதைக் காட்டுவர்?

1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தை மறந்தோமா? இங்கினியாகலையில் அணை எழுந்தது. நீரும் மின்சாரமும் கிடைத்தன. வேடர் வேட்டையாடிய காடு சேனநாயக்க சமுத்திரத்துள் மூழ்கியது.

50 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்டு, 10 கிலோமீற்றருக்கு மேல் நீளும் மின்வழிகளுக்குச் சுற்றாடல் அங்கீகாரம் வேண்டுமென 1993-இல் வர்த்தமானி விதித்தது. பழங்குடிகளின் நிலத்தைத் தொடுமுன் அவர்தம் சம்மதம் பெறவேண்டுமென்னும் ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கு 2007-இல் இலங்கையும் வாக்களித்தது. அங்கே கையுயர்த்திவிட்டு இங்கே கோடரியை உயர்த்துவது எந்த நீதி?

அளவைக்கல் நடுமுன் வேட மூத்தோரை அழைத்துச் சென்று கேளுங்கள். அவர்கள் காட்டும் மரத்தை வரைபடத்திற் குறியுங்கள். கம்பியை விலக்கிக் கொண்டு செல்லுங்கள்.

தமிழ்ப் பொறியியலாளரே, உழவரே! எம்மைக் கேளாது எம் நிலத்தைத் தொடாதே என்று முழங்கும் நாம், வேடர் நிலத்தில் வாய்மூடி நிற்பது இழுக்கு.